கரண்ட் ஆபீசுக்கு வந்த விசிறி

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு பனையோலை விசிறி தொங்குகிறது. நான் வேலை பார்க்கும் அறையில் ஏ.சி. ஓயாமல் ஓடும், மனிதர்களுக்காக அல்ல, கம்ப்யூட்டர்களுக்காக. சித்திரை வெயிலில் திருச்சியே வெந்துகொண்டிருக்கும்போதும் நாங்கள் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே விசிறி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். மேலதிகாரிக்கு வீச என்று சொல்லிவைப்பேன். சிலர் நம்பிவிடுவார்கள். உண்மையில் அது, கரண்ட் ஆபீசைக் கேலி செய்வதற்கென்றே ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் அனுப்பியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஏ.இ. மேடத்தின் நினைவு வரும். கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

சித்திரைத் தேர் அன்று ஸ்ரீரங்கத்தில் விடியும்போதே சித்திரை வீதிகள் நான்கிலும் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். தேர் உயரம், கம்பிகள் தாழ்வு, வடம் பிடிக்க வருகிற கூட்டமோ கணக்கில் அடங்காதது. அலங்காரத் துணி ஒன்று கம்பியில் உரசினால் கூடப் போதும். அந்தப் பயத்தில், தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்த பிறகுதான் கரண்ட் திரும்ப வரும். தேரோ யார் அவசரத்துக்கும் ஓடுவதில்லை. அது கீழ வீதியில் நிற்கும்போது வடக்கு வீதிக்காரர்களும் வியர்த்து வழிவார்கள். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெருமாள் வருகிறார், வியர்த்தால் வியர்த்துவிட்டுப் போகட்டும். மேலச்சித்திரை வீதி மாமி ஒருவர் மட்டும் வருஷந்தோறும் தேருக்கு மறுநாள், ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் பானகமும் ஒரு விசிறியும் ஸ்ரீரங்கம் கரண்ட் ஆபீசுக்குக் கொடுத்தனுப்புவார். "நேத்து நாங்க வீசிண்டோம், இன்னைக்கு நீங்க வீசிக்கோங்கோ" என்று கூடவே ஒரு செய்தியும் வரும். ஆபீசில் பானகத்தைக் குடித்துவிட்டு, விசிறியை பீரோ மேல் போட்டுவிடுவார்கள்.

அந்த ஆபீசுக்கு உதவிப் பொறியாளராக வந்தவர்தான் ஏ.இ. மேடம். பாலக்கரைக்காரர், கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். கோபம் வந்தாலும் அதே தூரம்தான். அப்போதுதான் ஊரெங்கும் கம்பங்களில் புது சுவிட்சுகளைப் பொருத்தியிருந்தோம். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஆள் போகாமல், திருச்சியில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரிலிருந்து அவற்றைப் போடலாம், நிறுத்தலாம். அந்தத் திரையைக் கவனிப்பது என் வேலை. அதனால் மேடத்துக்கு நான் "கம்ப்யூட்டர் சார்". எங்கள் திரையில் ஒவ்வொரு தெருவும் ஒரு கோடு. கரண்ட் ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. வெளி ஆட்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். எங்களுக்குச் சிவப்பு என்றால் தொடாதே, பச்சை என்றால் பயமில்லை.

அவர் வந்த முதல் வருஷம் மாமியின் விசிறி வந்தபோது அதை பீரோ மேல் போட விடவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று காந்தி மார்க்கெட்டில் மாம்பழம் வாங்கி அதை நிரப்பிக்கொண்டு, மாமி வீட்டுக்கே போய்விட்டார். அங்கே கூடத்தில் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. "கரண்ட் இல்லேன்னா இது ஓடாது. எங்காத்து இன்வெர்ட்டர் அரை மணி தாங்கினா அதிகம்" என்றார் மாமி. "டாக்டர் அன்னைக்கு ஆத்துல வச்சுக்கவே கூடாதுன்னுட்டார். அதான் தேருக்கு முதல் நாளே தில்லை நகர் ஹாஸ்பிடல்ல கொண்டு சேர்த்துடறது." வயசுப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் வடம் பிடித்தவர் மாமா. மெஷின் வந்த பிறகு ஒரு தேரையும் பார்க்கவில்லை. "பெருமாள் எங்காத்து வாசல் வழியா எழுந்தருள்றார். நான் ஆஸ்பத்திரியில சீலிங் ஃபேனைச் சேவிச்சிண்டு படுத்திருக்கேன்" என்று அவர் சொல்ல, மேடம் சிரித்துவிட்டாராம். வெளியே வந்த பிறகு ஸ்கூட்டரைக் கிளப்ப மனம் வரவில்லையாம்.

அங்கிருந்தே எனக்கு ஃபோன் செய்தார். "கம்ப்யூட்டர் சார், தேர் ஒரு தெருவுலதானே நிக்கும்? மத்த மூணு தெரு எதுக்கு இருட்டுல கிடக்கணும்?" அது அப்படித்தான் வழக்கம் என்றேன். "சின்ன வயசுல எங்க கோயில் தேர்பவனிக்கு முன்னாடி ஒருத்தர் மூங்கில் கொம்பால ஒயரத் தூக்கிக்கிட்டே போவாரு. தேர் தாண்டினதும் விட்டுருவாரு, அடுத்த ஒயருக்குப் போயிருவாரு. அவ்வளவுதான் சார் விஷயம். உங்க கம்ப்யூட்டர் அந்தக் கொம்பு வேலையப் பார்க்காதா?"

பார்க்கும் என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். அடுத்த தேர் வரை எங்களுக்கு அதே வேலையாகப் போயிற்று. வீதிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி சுவிட்ச் வைத்தோம். தேர் எங்கே இருக்கிறது என்று திரைக்குத் தெரிவதற்கு, செல்ஃபோன் அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. தேரில் ஆணி அடிப்பதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்பதால், லைன்மேன் ஒருவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் கூடவே நடப்பது என்று ஏற்பாடு. எங்கள் மேலதிகாரிக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. "தேர் விஷயத்துல விளையாடாதீங்கம்மா. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். மேடம் அதற்கு ஒரு விதியைச் சொன்னார். தேர் நெருங்கினால் கம்ப்யூட்டர் தானாகவே கரண்ட்டை நிறுத்தலாம்; நிறுத்துவதில் ஆபத்தில்லை. ஆனால் திருப்பிக் கொடுப்பது மட்டும் ஒருநாளும் தானாக நடக்கக் கூடாது. அவர் தேருக்கு முன்னால் நடந்துகொண்டு, கண்ணால் பார்த்து, ஃபோனில் சொன்ன பிறகுதான் நான் கொடுக்க வேண்டும். மேலதிகாரி அரை மனதாகத் தலையாட்டினார். அரை மணிக்குள் வீட்டுக்குக் கரண்ட் திரும்பிவிடும் என்று மேடமே உறுதி சொன்னதால், டாக்டரும் மாமாவை வீட்டிலேயே இருக்க விட்டார்.

தேரன்று காலை திரைக்கு முன்னால் நானும் மேலதிகாரியும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மஞ்சள் புள்ளிதான் எங்களுக்குத் தேர். அது கீழ வீதியில் ஊர்ந்தது. முன்னால் ஒவ்வொரு துண்டாகப் பச்சை ஆயிற்று. "தாண்டிருச்சு சார், குடுங்க" என்று மேடம் சொல்லச் சொல்ல, பின்னால் ஒவ்வொன்றாகச் சிவப்பு ஆயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேர் தெற்கு வீதியையும் கடந்து அதன் கடைசி முக்குக்கு வந்ததும் மேலதிகாரி கூடத் தன் டீயை எனக்குப் பாதி ஊற்றிக் கொடுத்தார்.

அந்த டீயை வாயில் வைக்கவில்லை, புள்ளி விருட்டென்று கிளம்பி, முக்குத் திரும்பி, மேல வீதிக்குள் பாய்ந்துவிட்டது. மேல வீதி முழுக்கப் பச்சை.

"மேடம், தேர் ஓடுது!"

"தேர்னா ஓடத்தான் சார் செய்யும்."

"இல்ல மேடம், டவுன் பஸ் மாதிரி ஓடுது! மேல வீதிக்குள்ள போயிருச்சு!"

"என்ன சார் சொல்றீங்க? தேர் என் கண்ணு முன்னாடி தெற்கு வீதி முக்குல நிக்குது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டிருக்காங்க. திருப்பறதுக்கே இன்னும் ரொம்ப நேரம் ஆகும்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "அப்ப மாமா வீட்ல கரண்ட் போயிருச்சா?"

போயிருந்தது. இன்வெர்ட்டர் கரைய ஆரம்பித்துவிட்டது. தேரோ இன்னும் அந்த வீதிக்கே வரவில்லை. வந்து கடப்பதற்குள் மெஷின் நின்றுவிடும். கூட்டத்தில் ஆம்புலன்சும் நுழைய முடியாது. மேலதிகாரி எழுந்து நின்றுவிட்டார். "ஒருதடவை நிறுத்தினா தேர் தாண்டற வரைக்கும் குடுக்கக் கூடாது. அதுதான் நம்ம ஏற்பாடு. புள்ளி அங்கதான் காட்டுது, தொடாதீங்க" என்றார். ஃபோனில் மேடத்தின் குரல் நிதானமாக வந்தது. "சார், நான் முக்குல நிக்கறேன், ரெண்டு வீதியும் தெரியுது. மேல வீதியில தேர் இல்ல. கம்பத்துல யாரும் ஏறலன்னு எல்லா ஆளையும் கேட்டுட்டேன். கண்ணால பார்த்துச் சொல்றேன். குடுங்க."

நான் மேலதிகாரியைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், பெருமாளையும் இத்தனை ஆயிரம் ஜனங்களையும் சுமந்துகொண்டிருந்த எங்கள் மஞ்சள் புள்ளி, வீதியை விட்டு விலகி யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குள் நுழைந்து, கூடம் இருக்கும் இடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத்து வீடுகளில் கிணற்றடி இருக்கும் கொல்லைப்புறத்தில் போய் நின்றது. மேலதிகாரி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "குடுங்கய்யா, குடுங்க. தேர் கிணத்தடிக்குப் போற ஊர்ல அந்தம்மா கண்ணுதான் கம்ப்யூட்டர்" என்றார். ஒரே அழுத்து. மேல வீதி சிவந்தது. பழைய நாளாக இருந்தால் ஏணியோடு ஆள் அந்தக் கூட்டத்தை நீந்திப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நடந்தது இதுதான். கருவியை வைத்திருந்த ஜீயபுரத்து லைன்மேன் தங்கமான மனிதர். ஆனால் தேர் வடத்தை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் பார்த்துக்கொண்டு, பிடிக்காமல் நடப்பதற்கு எந்த மனிதரால் முடியும்? சட்டையைக் கழற்றிவிட்டு வடம் பிடித்துவிட்டார். இடுப்பு வேட்டியில் கருவி நழுவிவிடும் என்று, சக்கரத்தின் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த நீர்மோர்த் தள்ளுவண்டியில் பத்திரமாக வைத்தார். பானை காலியானதும் வண்டிக்காரர் மோர் நிரப்ப மேல வீதியில் இருந்த தன் வீட்டுக்கு ஓட்டம் பிடித்துவிட்டார். மேடம் லைன்மேனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வடம் பிடிச்சது தப்புன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்று மட்டும்தான் சொன்னார்.

கருவி சக்கரத்தடிக்குத் திரும்பிய பிறகு தேர் உண்மையாகவே மேல வீதிக்குத் திரும்பியது. மறுபடி பச்சை. இந்தத் தடவை மேடம் ஃபோனைத் துண்டிக்காமல் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். திரையில் புள்ளி மாமா வீட்டை நெருங்க நெருங்க, காதில் மேளமும், சக்கரத்தின் கடகடப்பும், "ரங்கா, ரங்கா" என்ற குரல்களும் பெருகி வந்தன. மேலதிகாரி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "வாசல்ல நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்காங்க சார்" என்றார் மேடம். "கையக் கூப்புறாரு. மாமி மெஷினைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல நிக்கறாங்க. நாற்காலியை விட்டு எழுந்திரிக்கிறாரு சார், யாரும் பிடிக்கல, தானா எழுந்து நிக்கறாரு." அப்புறம் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழறீங்களா மேடம்?"

"வேர்வை சார். இங்க கரண்ட் இல்லல்ல" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேர் தாண்டிருச்சு சார். குடுங்க."

மறுநாள் பானகமும் விசிறியும் திருச்சிக்கே, எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கே வந்தன. மேடம்தான் எடுத்துவந்தார். "இந்த வருஷம் விசிறிக்கு எங்காத்துல வேலையே வரலை. கம்ப்யூட்டர் சாரையே வச்சுக்கச் சொல்லுங்கோ" என்று மாமி சொல்லியனுப்பியிருந்தார். அன்றே ஆணி அடித்து மாட்டினேன். கருவி கொல்லைப்புறம் போன கதையை மேலதிகாரி அந்தப் பானகத்தைக் குடித்துக்கொண்டே எல்லாருக்கும் நடித்துக் காட்டினார்.

மாமா அதற்குப் பிறகும் சில தேர்களை வாசலில் நின்று சேவித்துவிட்டுத்தான் ஆசாரியன் திருவடி சேர்ந்தார். மேடம் பதவி உயர்வில் கடலோர ஊர் ஒன்றுக்குப் போய்விட்டார். சித்திரை வீதிகளில் இப்போது கம்பிகளே இல்லை. எல்லாம் மண்ணுக்கடியில் கேபிளாகிவிட்டது. தேருக்காக எந்தத் தெருவையும் பச்சையாக்க வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்குச் செய்ய வேலையே கிடையாது. ஆனாலும் தேரன்று நான் லீவு போடுவதில்லை. தேர் மேல வீதிக்குத் திரும்புகிற நேரத்துக்கு மேடத்திடமிருந்து ஃபோன் வரும்.

இந்த வருஷம் அந்த நேரம் பார்த்து எங்கள் அறை ஏ.சி. படுத்துவிட்டது. ஊரெல்லாம் மின்விசிறி சுற்ற, கரண்ட் ஆபீஸ்காரர்கள் நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம். ஆணியிலிருந்து விசிறியை எடுத்து வீசிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"மேல வீதி எப்படி சார் இருக்கு?"

"செவசெவன்னு இருக்கு மேடம்" என்றேன். அவர் சிரித்தது பக்கத்து அறை வரை கேட்டது.