பஜனை மடத்துக் கிணற்றில் முதல் குடம்

எங்கள் ஊர் பஜனை சங்கத்தார் செய்த தொண்டைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தொண்டை என்னை வைத்துத்தான் செய்தார்கள்.

உத்தனப்பள்ளிப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைக்குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. சேரிக்கு ஏரிக்குழித் தண்ணீர்தான். சித்திரையில் அது பச்சையாகக் கிடக்கும், மாடும் அதில்தான் இறங்கும். பஜனை மடத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. அதை நாங்கள் தொடக்கூடாது. ஆனால் வருஷா வருஷம் அதில் தூர் வார இறங்குவது என் வீட்டுக்காரர். இடுப்பளவு சேற்றில் நின்று கூடை கூடையாக அள்ளி மேலே அனுப்புவார். அதற்கு மட்டும் எங்கள் ஆள் வேண்டும்.

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்ததும் சங்கத்தாருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. தாசில்தாரை அழைத்து, தோரணம் கட்டி, என்னை முதல் குடம் இறைக்கச் சொன்னார்கள். சங்கத் தலைவர் பெரிய நிலக்காரர். வீட்டில் தெலுங்கு, மேடையில் தமிழ்.

"எல்லாரும் பெருமாள் புள்ளைங்கதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பைத்தியக்காரி நான், அழுதே விட்டேன். அன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் குழந்தைக்குக் கஞ்சி வைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாடு பூட்டி, கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினார்கள். நான் தொட்டுவிட்டேனாம்! அடியில் சேறு தெரிந்ததும் அதை வாருவதற்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? என் வீட்டுக்காரரை. அவரும் போய் இறங்கினார். பொழுது சாய அவர் மேலே வந்தபிறகு, பூசாரி மாவிலையால் நீர் தெளித்து, கிணறு சுத்தமாகிவிட்டது என்றார்.

தண்ணீர் ஊறியதும் குடத்தோடு போய் நின்றேன்.

"இங்க எதுக்கும்மா வந்த?" என்றார் தலைவர்.

"எங்க வூட்டுக்காரரு பகலெல்லாம் இதுக்குள்ள நின்னு வேர்வ சிந்துனாரு. அந்தத் தண்ணிய நீங்க குடிக்கறீங்க. என் கொடம் பட்டா மட்டும் தீட்டா?"

தலைவர் உருளையிலிருந்து கயிற்றை உருவி, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று முதல் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு கயிறு கொண்டுவந்து, இறைத்ததும் கையோடு எடுத்துப் போனார்கள். நானும் ஒரு கயிறு கொண்டுபோனேன். குடத்தைப் பிடுங்கிக் கல்லில் போட்டு உடைத்தார்கள். தாசில்தார் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி ஏரிக்குழிதான். ஆடி பிறக்கும் முன் என் குழந்தை போய்விட்டது.

அடுத்த சித்திரையில் தலைவரே எங்கள் குடிசை வாசலுக்கு வந்தார்.

"கெணத்துல தண்ணி கலங்கிக் கெடக்குது. உன் வூட்டுக்காரன வரச்சொல்லு."

"கயிறு உங்க வூட்லதான இருக்குது எசமான். இடுப்புல கட்டிக்கிட்டு நீங்களே எறங்குங்க."

உள்ளே என் வீட்டுக்காரர் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர்கள் கலங்கல் தண்ணீர்தான் குடித்தார்கள். நன்றாகக் குடிக்கட்டும் என்று இருந்தேன்.