ஒரே அறைக்கு மூன்று பெயர்

என்னால் ஒரு நல்ல மனிதருக்குத் திருட்டுப் பட்டம் வந்தது. அதைத் துடைக்க என் படிப்பும் உதவவில்லை, பேச்சும் உதவவில்லை. அந்த நேரத்தில் அண்ணாமலையார் எனக்கு வழி காட்டினார். அவரை நம்பி மலையைச் சுற்றி வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்டத்தனம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவர். அம்மா லாட்ஜ்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து இரண்டு வருடம் வேலை தேடி அலைந்தேன். 2004-இல் ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் சந்துக்குச் சந்து லாட்ஜ். எல்லாரும் கையால் பில் எழுதுகிறார்கள். ஒரு சாப்ட்வேர் செய்து வைத்து, மாதாமாதம் சந்தா வாங்கினால் என்ன?

எனக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. அதை ஒரு குறையாகவே நான் நினைக்கவில்லை. காலேஜ் நண்பன் தினேஷ் எழுதிக் கொடுத்தான். நான் நான்கு லாட்ஜ்களில் பேசிச் சேர்த்தேன். அறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் கொடுத்து ஏற்றுவது எப்படி, பில் எடுப்பது எப்படி என்று அவன் சொல்லித் தந்தான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் சேர்ந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜ். அங்கே மேனேஜர் அன்சர் பாய். பல வருடமாக அதே கவுண்டரில் இருப்பவர். வேண்டாம் என்ற முதலாளியிடம், "படிச்ச புள்ள, ஒரு சான்ஸ் குடுங்க சார்"னு எனக்காகப் பேசியவர் அவர்தான்.

ஆனி மாதப் பௌர்ணமி வந்தது. ஊர் ஜனத்தால் நிரம்பியது. மத்தியானம் அன்சர் பாயிடமிருந்து போன்.

"தம்பி, பன்னண்டாம் நம்பர் காலி. ஆளுக்குக் குடுக்கலாம்னா கம்ப்யூட்டர் ரூம் இல்லன்னுது. கொழந்தையோட நிக்கறாங்கப்பா."

ஓடினேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் ஒரே அறை மூன்று குடும்பத்துக்குப் போகும். ஒருவர் குளித்துவிட்டு மலை சுற்றக் கிளம்புவார். அடுத்தவர் சுற்றி முடித்து வந்து காலை நீட்டுவார். இரவுக்கு இன்னொருவர். தினேஷ் சென்னைக்காரன். ஒரு தேதிக்கு ஒரு அறை, ஒரு ஆள் என்று எழுதியிருந்தான். இது எனக்குத் தெரியாத விஷயமா? பௌர்ணமி அன்று ஒரே அறையின் விரிப்பு மூன்று தரம் வரும் என்று அம்மா சலித்துக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அன்று அன்சர் பாய் கையால் எழுதிச் சமாளித்தார். மறுநாள் முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதில் இருந்தது ஒரு கணக்கு. கல்லாவில் இருந்தது வேறு கணக்கு.

"கையால எழுதுனது இவ்ளோ. எழுதாதது எவ்ளோ பாய்?"

நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். "அப்ப சரி பண்ணு. அடுத்த பௌர்ணமிக்கு எல்லாமே அதுல ஏறணும். இல்லன்னா பாயும் கெளம்பட்டும், நீயும் பொட்டியத் தூக்கிக்கினு போ" என்றார்.

தினேஷுக்குப் போன் செய்தேன். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. "மச்சி, நாளன்னிக்கு ஃப்ளைட். அத மாத்தணும்னா அடியிலருந்து மாத்தணும்டா. சாரிடா." அவன் மேல் தப்பில்லை. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவரிடம் காட்டினேன். "இன்னொருத்தர் எழுதுனதப் படிச்சுப் புரிஞ்சிக்கறத விட, புதுசா எழுதிடலாம்பா" என்றார்.

ஒரு தரம் விற்றுவிட்டுப் போகிற பொருளானால் பரவாயில்லை. சந்தா என்பது மாதாமாதம் கொடுக்கிற வாக்கு. வாக்கு கொடுப்பது என் வாய். காப்பாற்றுவது இன்னொருவன் கை. அந்தக் கை போய்விட்டால் நான் வெறும் வாய்தான். அன்றுதான் இது எனக்கு உறைத்தது.

ஆடிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிரிவலம் கிளம்பினேன். "என் தொழில் போனாலும் போகட்டும் சாமி. அந்த மனுஷன் பேரைக் காப்பாத்து." இது ஒன்றையே, வழியிலுள்ள எட்டு லிங்கங்களில் முதலாவதான இந்திர லிங்கத்தில் சொன்னேன். அக்னி லிங்கத்திலும் சொன்னேன். நிருதி, வருண லிங்கம் என்று போகப் போக அழுகைதான் வந்தது.

மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையில் கால் ஓய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் வெளியூர் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மா பாதத்தைப் பிடித்துக்கொண்டே புருஷனிடம் கேட்டார்.

"இன்னும் எத்தினி லிங்கம்? காலு கழண்டுடும் போலகீது."

"இன்னும் மூணு."

"எட்டு சாமியா இந்த ஊருல?"

"மலை ஒண்ணு, சாமி ஒண்ணுதான்மே. நாம நிக்கற பக்கத்துக்கு ஒரு பேரு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாமி ஒன்று, பெயர் எட்டு. அப்படியென்றால் அறை ஒன்று, பெயர் மூன்று ஏன் இருக்கக் கூடாது? சாப்ட்வேரைத் திருத்த எனக்குத் தெரியாது. ஆனால் அறைக்குப் பெயர் கொடுத்து ஏற்றத் தெரியுமே! எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே!

அப்படியே ஆட்டோ பிடித்து ஓடலாம் போலிருந்தது. பாதியில் விட மனம் வரவில்லை. மீதி மூன்று லிங்கத்தையும் கும்பிட்டு, சுற்றை முடித்துவிட்டுத்தான் லாட்ஜுக்குப் போனேன்.

பன்னிரண்டு காலை, பன்னிரண்டு மதியம், பன்னிரண்டு இரவு. இப்படியே எல்லா அறைகளையும் ஏற்றினேன். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று அறைகள். அன்சர் பாய் உற்றுப் பார்த்தார்.

"காலைக்காரன் உள்ள இருக்கசொல்ல மதியத்துக்குக் குடுத்துட்டா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "சாவி ஒண்ணுதானே தம்பி. அது என் கைக்கு வந்தாத்தான் அடுத்த பேரு."

ஆடிப் பௌர்ணமி முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் கணக்கும் கல்லாவும் ஒன்றாக நின்றன. முதலாளி போன மாதத்துக் கைச்சீட்டுகளை எடுத்துவரச் சொல்லி, அவற்றையும் தானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். போன மாதக் கம்ப்யூட்டர் கணக்கோடு சேர்த்தால் இந்த மாத வரவுக்குச் சரியாக வந்தது; எழுதாமல் விட்டது ஒன்றும் இல்லை. "பாய், மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து அவரிடம் அடி அண்ணாமலையில் நடந்ததைச் சொன்னேன். "நீ மலையில கேட்ட, நான் மசூதியில கேட்டேன். யாரு கேட்டது கெடச்சுதுன்னு சண்ட வேணாம். டீ வாங்கிக் குடு" என்றார்.

இப்போது சாயங்காலங்களில் அந்த வேங்கிக்கால் சென்டரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புரோகிராம் படிக்கிறேன். மெதுவாகத்தான் ஏறுகிறது. புதிதாக ஒரு லாட்ஜுக்குப் போனால், முதலில் கவுண்டர் பக்கத்தில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன். துணி துவைக்கிறவர்களிடமும் கேட்கிறேன்.

கையில் ஒன்றும் இல்லை என்று நீங்கள் நினைக்கும் நாள் வந்தால், ஒரு சுற்று நடந்து பாருங்கள். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைக் கொடுப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒன்றையே எடுத்துக் கையில் கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார். சுற்றை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள்.