வாடிய குழை

புரட்டாசி பிறந்தும் கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த வருடம் அது. கிண்ணியாவுக்கு அப்பால், காட்டுவாசலில் ஒரு வாடிக் குடிசையில் நான் வனக் காவலாளியாக இருந்தேன். குளங்கள் வெடித்துக் கிடந்தன. ஒரு தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு பின்னேரங்களில் தண்ணீர் தேடி வரத் தொடங்கியது. கிணற்றில் பதினைந்து வாளி இறைத்து, பாதையோரப் பாறைக்குழியில் ஊற்றிவிட்டுப் பரணில் ஏறியிருந்து பார்ப்பேன். அப்படிச் செய்யும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வேலையில் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். சம்பளம் வாங்க நகரத்துக் கந்தோருக்குப் போனால், அங்குள்ள அலுவலர்கள் "சிவபூசைக்குள்ள கரடி வந்திட்டுது" என்பார்கள். எனக்குக் கோபம் மூக்குநுனியில். என்னைச் சொன்னாலும் பரவாயில்லை, கரடியை ஏன் இழுக்கிறார்கள் என்று சண்டைக்குப் போவேன்.

ஆனால் குட்டியோடு நிற்கும் கரடி மனிதனைக் கண்டு ஓடாது, முகத்திலே பாயும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

காட்டுக்குள் போகிறவர்கள் வாசலில் நின்ற பாலைமரத்தில் இலையோடு ஒரு குழையை முறித்துத் தொங்கவிட்டுக் கும்பிட்டுப் போவது வழக்கம். அதோடு நான் ஒரு விதியையும் சேர்த்திருந்தேன்: திரும்பும்போது அவரவர் குழையை அவரவரே எடுத்தெறிய வேண்டும். பச்சைக்குழை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, தண்ணீர் ஊற்றமாட்டேன். கிண்ணியாவிலிருந்து தேன் எடுக்க வரும் முஸ்லிம் பெரியவர், நான் நானா என்று கூப்பிடுகிறவர், மட்டும் கும்பிடமாட்டார். "தம்பி, நான் சாமிக்குப் போடயில்ல. உங்கட கண்ணுக்குத்தான் போடுறன்" என்று சிரிப்பார்.

அந்த வாரம் இரண்டு நாளாக விறகுவெட்டிகள் உள்ளே இருந்ததால் குழி காய்ந்து கிடந்தது. கரடி வந்து வெறும் பாறையை நக்கிவிட்டுப் போனது. குட்டியின் முனகல் என் காதிலேயே நின்றது. விறகுவெட்டிகள் வெளியேறிவிட்ட மூன்றாம் நாள் மத்தியானம் பாலைமரத்தில் ஒரேயொரு குழை தொங்கியது. இலைகள் சுருண்டிருந்தன. கசக்கினேன், நொறுங்கியது. நேற்று யாரோ எடுக்க மறந்தது என்று முடிவு செய்தேன். கச்சானில் காலையில் முறித்த குழை மத்தியானத்துக்குள் சருகாகிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அது நேற்றையதாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

ஊற்றினேன்.

கரடி வந்தது. குட்டியும் அதுவும் தலையைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தபோது பாதையின் உள்பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. தேன்வாளியோடு நானா வளைவில் வந்துகொண்டிருந்தார். கத்தினால் கரடி மிரளும். கத்தாவிட்டால் அவர் நேரே அதன்மேல் வந்து நிற்பார். "நானா, நில்லுங்கோ!" என்று கத்தினேன். அவர் நின்றார். கரடி நிற்கவில்லை.

பரணிலிருந்து குதித்து, வெறும் வாளியைக் கல்லில் அடித்துக்கொண்டே ஓடினேன். கரடி அவரை விட்டுக் குட்டியோடு புதருக்குள் போனது. அவருடைய முகத்தை என் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக் கட்டி, மாட்டுவண்டியில் கிடத்தி, துறைக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றினேன்.

மூன்று வாரம் கழித்து நகரத்து ஆசுபத்திரியில் அவரைப் பார்த்தேன். வெளியே முதல் மாரிமழை. ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார்.

"தம்பி, நான் விடியவே குழை போட்டனான். நீங்க காணயில்லையா?"

அவருடைய மனைவி கட்டில் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணயில்ல, நானா."

"அப்ப காத்துத்தான் கொண்டு போயிருக்கும்," என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்களில பிழையில்ல. நான் இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கோணும்."

நான் "ஓம்" என்று தலையாட்டினேன்.