சங்குக்குளிக்காரரின் மனைவியாக ஒரு காலை

எங்கள் நர்சிங் பள்ளியில் எதிக்ஸ் வகுப்பு என்றால் நான் விதிகளைச் சொல்வேன், மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். தூத்துக்குடியில் ரோசலின் டீச்சர் அதையே நடிக்கவைத்து நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, எழுபத்தைந்து மார்ச்சில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். போக நினைக்கும் டியூட்டர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆறுமுகநேரியில் காலை ஆறே கால் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஒரு ரூபாய் பத்து பைசா. இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைக்கும். நான் எதையும் பார்க்கவில்லை. என் பதினொரு மாதக் குழந்தைக்கு விடியற்காலையில் நூற்றியொரு டிகிரி. தெர்மாமீட்டரை உதறிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கணவரின் அக்காவிடம், "பல்லு முளைக்குது மைனி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். உள்ளதைச் சொன்னால் விட்டிருக்க மாட்டார்.

பஸ் நிலையத்திலிருந்து குதிரை வண்டி, முக்கால் ரூபாய். புதுத் துறைமுகம் பார்க்கலையா என்றார் வண்டிக்காரர். திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டேன். "இப்பதானம்மா இறங்குனிய?" என்று சிரித்தார்.

வகுப்பில் ஒரு கட்டில். சங்குக்குளிக்காரராக ஒரு மாணவி படுத்திருந்தாள். காதில் ரத்தம், இனி முங்கினால் செவிடாகிவிடும். மனைவியிடம் சொல்லக்கூடாது என்று நர்ஸிடம் கெஞ்சுகிறார். டீச்சர் சரி, தப்பு எதுவும் சொல்வதில்லை. "அடுத்து அவுக என்ன கேப்பாக?" என்று மட்டும் கேட்கிறார்.

என்னை மனைவியாக நிறுத்தினார். நர்ஸாக நின்ற பெண் என் தோளைத் தொட்டு, "ஒண்ணுமில்லக்கா, சரியாயிரும்" என்றாள்.

காலையில் நான் சொன்னதும் அதேதான். மனைவியாகவே அவளைக் கேட்டேன்:

"ஒண்ணுமில்லன்னு நம்பி நாளைக்கே அவுகளக் கடலுக்கு அனுப்பிட்டேன்னா?"

அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அவுககிட்டயே கேளுங்கக்கான்னு சொல்லியிருக்கணும் டீச்சர். பொய் சொன்னதுதான் தப்பு" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பன்னிரண்டு பத்து பஸ்.

வீட்டில் குழந்தை நெற்றியில் ஈரத்துணியோடு தூங்கிக்கொண்டிருந்தது. மைனி பத்து மணிக்கு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது.

"பல்லுதான்னு நெனச்சு பத்து மணி வரைக்கும் சும்மா இருந்துட்டேன் ஏளா. எம்புத்தி ஏன் இப்படிப் போச்சு?"

"நூத்தியொண்ணு மைனி. விடியக்காலமே பாத்துட்டேன்."

மைனி துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நானும் வகுப்பில் கட்டில் போட்டேன். ஒரு தாய், ஒரு நாத்தனார், ஒரு குழந்தை.

போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். நடிக்கக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். தெர்மாமீட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.