நாலு அறை, ஐந்து கீபோர்ட்

போன செவ்வாய்க்கிழமை காலை. முதல் பிளேன்டீயை வாயில் வைக்கிறேன், நியாஸிடமிருந்து கோல் வருகிறது.

"மச்சான், கம்ப்யூட்டர் என்னோட கோவிச்சிட்டு. @ அடிச்சா மேற்கோள் குறி விழுது. கொஞ்சம் வாங்க."

நியாஸ் என் மனைவியின் தம்பி. ஆலங்குடா கடற்கரையில் நாலு அறைகளோடு ஒரு விடுதி நடத்துகிறான். காற்று மாதங்களில் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் வழுக்க வரும் வெள்ளைக்காரர்கள்தான் அவனுக்கு வருமானம்.

தங்கமான பையன். ஒரே ஒரு குறை... யாருக்கும் 'இல்லை' சொல்லத் தெரியாது. ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டு, ஒன்றில் சோறும் மற்றதில் வட்டிலப்பமும் சாப்பிட்டவன். அந்தக் கதையை என் மனைவி இன்னும் பெருமையாகத்தான் சொல்கிறாள்.

போனேன். பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தியை டைப் செய்பவன் என்பதால் குடும்பத்தில் நான்தான் கம்ப்யூட்டர் நிபுணன்!

திரையில் ஒரு சின்ன ஜன்னல். 'விசைப்பலகை அமைப்பைச் செயற்படுத்த முடியவில்லை.' கீழே 'சரி' என்று ஒரே ஒரு பட்டன். நியாஸ் அதை அழுத்தினான். ஜன்னல் போனது. மறுபடி வந்தது.

"எத்தனை தரம் அழுத்தினாய்?"

"கணக்கில்ல மச்சான். அது கேக்குது, நான் ஓம் எண்டுறன்."

சிரிக்க முடியவில்லை. விஷயம் கொஞ்சம் சீரியஸ். சனிக்கிழமைக்கு அவனுடைய நாலு அறையும் நிரம்பிவிட்டது. செவ்வாய் விடியவே போலந்திலிருந்து ஒரு மெயில்: 'நாங்கள் இருவரும் குழந்தைகள் இருவரும் சனிக்கிழமை வருகிறோம். எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னீர்களே!' சொன்னவன் யார்? இவன்தான். பதில் எழுத உட்கார்ந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்ததும் இந்த ஜன்னல். மெயிலுக்குள் நுழைய @ வேண்டும். @ வரவில்லை.

"போன் எடுத்துச் சொல்லேன்."

"நம்பர் மெயிலுக்குள்ளதான் மச்சான் இரிக்கி."

அவனுடைய போனும் என்னுடைய போனும் பேச மட்டும் தெரிந்தவை. பதில் போகாவிட்டால், சனிக்கிழமை அந்திக்கு இரண்டு குழந்தைகள் பெட்டியோடு கடற்கரையில் நிற்கும்.

கீபோர்டைக் கழற்றி மாட்டினேன். கவிழ்த்துத் தட்டினேன். மணல், சீரகம், பாதி முறுக்கு... @ மட்டும் விழவில்லை. வீட்டுக்குப் போய் என் கீபோர்டைக் கொண்டுவந்து செருகினேன். அதுவும் ஒய் அடித்தால் இசெட் என்றது.

அப்போதுதான் புத்தி வந்தது. கோளாறு கீபோர்டில் இல்லை, உள்ளே! மவுஸைப் பிடித்து செட்டிங்ஸுக்குள் போனேன். கீபோர்ட் மொழிகளின் பட்டியல்: ஜெர்மன், ஆங்கிலம், சிங்களம், தமிழ், பிரெஞ்சு. ஐந்து. அடியில் பொடி எழுத்தில், 'ஆகக்கூடியது நான்கு.'

"யார் இதெல்லாம் போட்டது?"

"ஜெர்மன் ஆள் போன வருஷம் போட்டார். பிரெஞ்சுப் பொண்ணு நேத்து கேட்டா. நம்மள நம்பி வாறவங்கட பாஷைக்கி ஒரு எடம் குடுக்காட்டி எப்பிடி மச்சான்?"

ஆக, நேற்று ஐந்தாவது ஆள் ஏறியிருக்கிறார். இன்று கரண்ட் போய் மறுபடி எழும்பிய கம்ப்யூட்டர் ஐந்து பேரைப் பார்த்துப் பயந்து, முதலில் நின்ற ஜெர்மனை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டது.

"ஒன்றைத் தூக்கு. பிரெஞ்சு?"

"பாவம் மச்சான், அவ மூணாம் ரூம்லதான் இரிக்கிறா."

"ஜெர்மன்?"

"வைரஸ் வந்து கெடந்த கம்ப்யூட்டருக்கு இந்த சிஸ்டத்தயே அவர்தானே சும்மா போட்டுத் தந்தவர்! ஒங்களுக்கும் போட்டுத் தந்தார்தானே?"

"சிங்களம்?"

"கவர்மெண்ட் கச்சேரிக்கிக் கடிதம் எழுதணுமே."

"அப்போ தமிழைத் தூக்கப் போகிறாயா?" என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

அவன் கூரையைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டு, அவன் முதுகு திரும்பியதும் ஜெர்மனை நீக்கினேன். ஜன்னல் மறைந்தது. @ அடித்தேன்... @ வந்தது! முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட நான் அப்படித் துள்ளியதில்லை.

டீ வந்தது. கூடவே என் பிரசங்கமும். "பார்த்தாயா? ஒரு மெஷின், நாலுக்கு மேல் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. யாராவது அதைக் கெட்டது என்கிறார்களா? இப்போது எழுது. மன்னிக்கவும், அறை இல்லை."

உட்கார்ந்தான். 'அன்புள்ள ஐயா' என்று ஆங்கிலத்தில் அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான்.

நமக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டம்? கடன் கேட்டால் 'பாப்பம்', கூட்டத்துக்குக் கூப்பிட்டால் 'பாப்பம்'. 'இல்லை' என்ற சொல்லைக் கடையில் சீனி முடிந்தால் மட்டும்தான் எடுக்கிறோம்.

நியாஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "சின்னப் புள்ளைங்க மச்சான்... ஒங்கட மேல்மாடி சும்மாதானே கெடக்குது?"

வாயைத் திறந்தேன். இவ்வளவு பிரசங்கம் செய்தவன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"ஓம்" என்றேன்.

இன்று ஞாயிறு. போலந்துக் குழந்தைகள் இரண்டும் என் தலைக்கு மேலே குதித்துக்கொண்டிருக்கின்றன. நல்ல பிள்ளைகள். என் மனைவியிடம் இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகின்றன. சற்று முன்னர் தகப்பன் வந்து, என் கம்ப்யூட்டரில் ஒரு மெயில் அடிக்க வேண்டும், தன் மொழிக் கீபோர்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று மிகப் பணிவாகக் கேட்டார். அதில் ஏற்கெனவே ஆங்கிலம், தமிழ், சிங்களம், அரபு என்று நாலு.

இந்த வாரப் பத்தி ஆசிரியருக்குக் கையெழுத்தில்தான் போகிறது.