பட்டு வைத்துத் தைத்த ஹெல்மெட்

ஐந்தாம் வகுப்பு படித்தபோது என் நெற்றியில் பந்து பட்டு மூன்று தையல் போட்டார்கள். அதோடு என் கிரிக்கெட்டுக்கு அம்மா முழுக்குப் போட்டுவிட்டாள். ஒரு வருடம் முரண்டு பிடித்து, உண்ணாவிரதமும் இருந்து (ஒரே ஒரு வேளை), அனுமதி வாங்கினேன். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

"கிரவுண்டுல கால் வெச்சா ஹெல்மெட் தலையில இருக்கணும். கழட்டுனன்னு காதுல விழுந்துது, அன்னியோட ஆட்டம் குளோஸ்."

கல்லூரிக்குப் போய்விட்ட பெரியப்பா மகனின் ஹெல்மெட் கிடைத்தது. என் தலையில் அது கவிழ்த்த குடம்போல ஆடியது. தறியில் மிஞ்சிய பட்டு நூலை அப்பா உள்ளே திணித்து, மேலே பட்டுத் துணி வைத்துத் தைத்தார். காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைகளும் அதில் அடைபட்டன. யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. பெரியப்பா புடவை வியாபாரி. வருகிறவர்களிடமெல்லாம், "பட்டு வெயிலுக்குச் சில்லுனு இருக்குங்க" என்று அவர் சொல்லிச் சொல்லி, நெய்கிற நாங்களும் நம்பியிருந்தோம். கல்யாண வீடுகளில் அம்மா பட்டுடுத்தி வியர்த்து வழிந்தபோதுகூடப் பழியைக் கூட்டத்தின்மேல்தான் போட்டோம்.

மே மாத மத்தியானம், தெருப் பிள்ளைகளுக்குள் போட்டி. வேலையை விட்டுவிட்டு அப்பா பார்க்க வந்திருந்தார். ஓவருக்கு ஓவர் மற்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். நான் தொடவில்லை, தெரு முழுக்க அம்மாவுக்கு உளவாளிகள் இருந்தார்கள். தலை கொதித்தது. கண்ணுக்குள் வியர்வை இறங்கி எரிந்தது. பிறகு திடீரென்று உடம்பு சிலிர்த்து, கை ரோமம் குத்திட்டு நின்றது. பட்டு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். பெரியப்பாவின்மேல் பெரிய மரியாதை வந்தது.

அடுத்த பந்தை அடித்துவிட்டு எதிர்முனைக்கு ஓடாமல், மைதானத்தின் ஓரத்துப் புளியமரத்தை நோக்கி ஓடினேனாம். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் எழுந்து ஓடிவந்தார்.

கண் விழித்தபோது அவர் மடியில் ஈரத்தலையோடு கிடந்தேன்.

"கழட்டாதப்பா," என்றேன். "அம்மா ஆட உடாது."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "சூடு வெளிய போவ வழியே இல்லைங்க. உள்ள இன்னா வெச்சித் தச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். அப்பா ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் தறியில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு எவ்ளோ நேரம் போட்டுகினு இருந்த?"

"ஒரு மணி நேரம் இருக்கும்பா."

ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் அழுத்தினார். முக்கால்வாசிதான் இறங்கியது. அப்படியே நெய்யத் தொடங்கினார். நூல் அலையும் என்று தறிக்கு மேலே ஃபேன் போடுவதில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவை இழுத்துவந்து காட்டினேன். அவள் சிரிக்காமல் நிலைப்படியிலேயே நின்றாள். கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவர் கழற்றினார். உள்ளே இருந்த பட்டு நூலையும் துணியையும் பிரித்தெடுத்து, ஓட்டைகளை விட்டுவிட்டுப் பருத்தித் துணியை வைத்துத் தைத்தார்.

"ஓவருக்கு ஓவர் கழட்டிடணும்," என்றாள் அம்மா.

ஆட்டம் தப்பித்தது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். தைத்து முடித்து நிமிர்ந்த அப்பாவின் கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. வியர்வை இறங்கினால் கண் எரியும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஓடிப்போய், முகம் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை எடுத்துவந்து கொடுத்தேன்.