தானாக எடுக்கும் போன்

நகரியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. அவை ஓடும்போது போன் மணி கேட்காது, பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. தறி வீட்டில் ஒருவரோடு பேச வேண்டுமென்றால் தோளைத் தட்ட வேண்டும், இல்லை கரண்ட் போக வேண்டும். நானோ திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து யார் தோளைத் தட்டுவது?

புருஷனிடம் அடிவாங்கி மாளாமல் அக்கா தடாவிலிருந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. சாப்பிட்டாளா, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா என்று இதே நினைப்பு. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; நைனாவுக்குப் பத்து முறை போன் அடித்தால் ஒரு முறை எடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, அவர் போனில் வீடியோ கால் ஆப்பைத் திறந்து, அழைப்பு வந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்துவைத்தேன். யார் அழைத்தாலும் எடுக்கட்டுமா என்று ஆப் கேட்டது. நான் என்ன ஏமாளியா? சேமித்த எண்களுக்கு மட்டும் என்று அமுக்கினேன். கண்டவனும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாதல்லவா! போனை அலமாரியின் மேல்தட்டில் நூல் பெட்டிமேல் சாய்த்து, தறிக்கூடம் முழுக்கத் தெரிகிறதா என்று பார்த்து, சார்ஜரையும் சொருகினேன்.

"நைனா, வெளிச்சம் வந்தா நாந்தான்னு வெச்சிக்க. நீ ஒண்ணும் அமுக்காத."

"சரேம்மா" என்றார். அக்கா அப்போது கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஐந்து நிமிஷம் பார்ப்பேன். பரிசோதனைக் கூடத்தில் கேமரா திறக்கக் கூடாது, அதனால் என் பக்கத்தை மூடியே வைத்திருப்பேன். முதலில் அக்கா விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நூல் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு நாள் முழங்கை வரை சாறு வழிய மாம்பழம் தின்றுகொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய அக்கா திரும்பி வந்துவிட்டாள் என்று அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். வேலை நேரத்தில் நான் சேமிக்காத ஒரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா புருஷன்தான்.

"இன்னா மச்சினிச்சி, உங்க அக்கா நல்லா துன்னுகினு சிரிச்சிகினு கீறா போல?"

"அவ எப்படி இருந்தா உனுக்கின்னா?"

"திங்கக்கெழம காலீல சித்தூர் பஸ் ஏறப்போறாளாமே? ஆஸ்டல்ல தங்கி வேலிக்குப் போப்போறாளாமே? நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்னு சொல்லு."

சித்தூர் விஷயம் வீட்டில் மூன்று பேருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். புத்தூர் தாண்டுகிற வரை சித்தியைச் சந்தேகப்பட்டேன், எதிர்வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன், கூலிக்கு வரும் தறிக்காரரை வாயில் வந்தபடி மனசுக்குள் திட்டினேன். ஒருவரும் மிச்சமில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரியில் இருந்த போன் கண்ணில் பட்டது. பட்டென்று எடுத்து அழைப்புப் பட்டியலைத் திறந்தேன்.

என் பெயர் நாளுக்கு ஒரு முறை, ஐந்து நிமிஷம். அதற்கு மேலும் கீழும் 'மாப்ள', 'மாப்ள', 'மாப்ள'. நாற்பது நிமிஷம், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கல்யாணத்தின்போது நைனா ஆசையாகச் சேமித்த எண் அது. அழிக்க வேண்டுமென்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. முன்பின் தெரியாதவனுக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்ட நான், யாருக்குப் பயந்து அவள் ஓடிவந்தாளோ அவனுக்கே கதவைத் திறந்து வைத்திருந்தேன். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த மதியங்களில் அக்காவும் அம்மாவும் பேசியதெல்லாம் அவன் காதுக்குப் போயிருக்கிறது.

நைனாவின் தோளைத் தட்டிக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். "நீ பாக்கலியா நைனா?"

"வெளிச்சம் வந்துச்சி. உள்ள கருப்பாதான் இருந்துச்சி. நீதான்னு வுட்டுட்டேம்மா."

என் அழைப்பும் கருப்பு, அவன் அழைப்பும் கருப்பு. அவரை எப்படிக் குறை சொல்வது? அக்காவின் வக்கீலுக்குக் காட்டுவதற்காகப் பட்டியலைப் படம் பிடித்துக்கொண்டு, ஆப்பை அழித்தேன். பிறகு தறிகளை நிறுத்தச் சொல்லி, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் கத்துவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். போன் சார்ஜில் கிடக்கிறதென்றே இத்தனை நாளும் அவள் நினைத்திருக்கிறாள்.

"அந்த மூலையிலதாண்டி பொடவ மாத்துவேன்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டாள்.

"அவன் பாத்தது சரி, அவன் புத்தி அது. நீ இன்னாத்துக்குப் பாத்த?"

"நீ துன்னியா இல்லியான்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நைனாவிடம் சொன்னேன். அவளிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அதுவரை எனக்கு வந்ததே இல்லை என்பதுதான் அவனுடைய குரலைவிட என்னை உலுக்கியது.

சனிக்கிழமை மதியம் திருப்பதியிலிருந்து அம்மாவிடம் பேசினேன். முந்தின நாளே அக்கா கிளம்பிப் போய்விட்டாளாம். சித்தூருக்கு இல்லையாம்.

"எங்கம்மா போயிருக்கா? எந்த ஊரு?"

அம்மா போனோடு தெருவுக்கு வந்தாள்போல. பின்னால் தறிச்சத்தம் தேய்ந்தது.

"ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினு போயிருக்காம்மா" என்றாள்.